கதவைச் சாத்தச் சொன்னவன்

1

இந்த நாட்டில் மாதத்தின் முதல் திங்கட்கிழமை, பகல் பன்னிரண்டு மணிக்குச் சங்கு ஊதும். நம் பக்கத்து ஆலைச் சங்கின் அதே ஓலம்தான். ஆனால் நெதர்லாந்து முழுக்க ஒரே நேரத்தில் ஊதும். ஆபத்து வந்தால் இந்தச் சங்கு வேலை செய்யுமா என்று மாதாமாதம் சோதித்துப் பார்க்கிறார்கள். யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. ரொட்டி தின்கிறவர் தின்றுகொண்டே இருப்பார், நாயோடு நடக்கிறவர் நடந்துகொண்டே இருப்பார்.

ரோட்டர்டாம் துறைமுகத்தை ஒட்டிய சின்ன ஊர் ஒன்றில் இருபத்திரண்டு வருஷமாக இருக்கிறேன். வந்த புதிதில் முதல்முறை அந்தச் சங்கைக் கேட்டதும் லுங்கியோடு தெருவுக்கு ஓடினேன். ஓடிப்போய் விரலை எச்சில் தொட்டுத் தூக்கி, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்தேன். எண்ணூர்ப் பக்கம் மீனவக் குப்பத்தில் பிறந்தவனுக்கு அது தானாக வரும். எதிர்வீட்டு அம்மாள் பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்து ஓய்ந்த பிறகு பாடம் நடத்தினாள். சங்கு ஊதினால் உள்ளே போக வேண்டும், கதவையும் ஜன்னலையும் சாத்த வேண்டும், வானொலியில் சொல்லும்வரை வெளியே வரக் கூடாது. அவள் பாஷையில் அன்று எனக்குப் பத்து வார்த்தை தெரிந்திருந்தால் அதிகம். அதனால் கதவைச் சாத்துவதைக் கையாலேயே நடித்துக் காட்டினாள்.

அந்தப் பாடத்தை நன்றாகவே படித்தேன். மேலே படித்தேன், பரீட்சை எழுதினேன். இன்று ரசாயனத் தொட்டிகள் நிற்கும் ஒரு கிடங்கில் பாதுகாப்பு அலுவலராக இருக்கிறேன். அந்த அம்மாள் சொன்னதைத்தான் இப்போது சம்பளம் வாங்கிக்கொண்டு மற்றவர்களுக்குச் சொல்லித் தருகிறேன்.

போன திங்கட்கிழமை சங்கு ஊதியபோது கிடங்கின் சாப்பாட்டு மேஜையிலிருந்து நான் மட்டும் எழுந்து நின்றுவிட்டேன். என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். கால் மரத்துவிட்டது என்றேன். பொய். ஒரு வருஷமாக அந்தச் சத்தம் கேட்டால் என்னால் உட்கார முடியவில்லை. ஏன் என்பதை ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். மானம் போகிற விஷயம்தான், ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

2

காத்திவாக்கத்தை அடுத்து, ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்துக்குத் தெற்கே எங்கள் குப்பம். கிழக்கே கடல். மேற்கே சாலை, சாலையைத் தாண்டினால் கம்பெனிகள். படித்தவர்கள் யாராவது வந்தால் ஒரு கேள்வி கேட்காமல் போக மாட்டார்கள்: "இவ்வளவு ஆபத்தான இடத்தில் ஏன் குடியிருக்கிறீர்கள்?" அதற்கு என் அக்கா கன்னியம்மா பதில் தயாராக வைத்திருக்கிறாள்.

"நாங்க எங்கியும் போயி குந்தல சார். எங்க தாத்தன் காலத்துலேந்து இங்கதான் கீறோம். அவங்கதான் வந்து பக்கத்துல குந்திகினாங்க. குந்திகினு, நீ ஏன் எம்பக்கத்துல கீறன்னு எங்களயே கேக்கறாங்க."

அக்கா மீன் விற்கிறாள். அவள் மகன் பாலு, சாலைக்கு மேற்கே உள்ள அந்தக் கம்பெனிகளில் ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளி. கழிமுகத்தில் எறால் அற்றுப்போன பிறகு, அதை அற்றுப்போகச் செய்தவர்களிடமே வேலைக்குப் போனவர்களில் அவனும் ஒருவன். பாலுவின் மனைவி தேவி. பன்னிரண்டாவது வரை படித்தவள். குப்பத்தில் யாருக்கு எந்தக் காகிதம் வந்தாலும் அவள்தான் படித்துச் சொல்வாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வாரம் முழுக்கக் குப்பத்தில் நெடி. கண் எரிச்சல். அக்கா எனக்குப் போன் செய்தாள்.

"நைனா, நீ அங்க இதே வேலதான பாக்கற? ஒருநாள் பெருசா வுட்டாங்கன்னா நாங்க இன்னா பண்ணணும்? ஒரு பேப்பர்ல எழுதி அனுப்பு. இங்க ஒருத்தனும் ஒண்ணியும் சொல்ல மாட்டேன்றான்."

இருபது வருஷத்தில் அக்கா என்னிடம் கேட்ட முதல் உதவி அது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து எழுதினேன். "வாயுக் கசிவு ஏற்பட்டால்" என்று தலைப்பு. கீழே ஐந்து கட்டளைகள். உடனே வீட்டுக்குள் செல்லவும். கதவு ஜன்னல்களை மூடவும். இடைவெளிகளை ஈரத்துணியால் அடைக்கவும். மின்விசிறியை நிறுத்தவும். அறிவிப்பு வரும்வரை வெளியே வரக் கூடாது. அடியில் என் பெயர், அதற்கு அடியில் இந்த ஊர்ப் பட்டம், பதவி எல்லாம். தேசிங்கு என்கிற பெயருக்குப் பின்னால் அவ்வளவு நீளமாக எழுத்துகள் வருவது எனக்கே பார்க்கப் பிடித்திருந்தது.

என் மகள் கயல் அப்போது பக்கத்தில் இருந்தாள். இங்கே பிறந்தவள், பதினேழு வயது. பருவநிலை ஊர்வலம் என்று சனிக்கிழமைகளில் அட்டையைத் தூக்கிக்கொண்டு போகிறவள். தமிழ் பேசுவாள், ஆனால் ஒவ்வொரு வார்த்தையையும் தேடித்தான் எடுப்பாள். அவளைக் குப்பத்துக்கு ஒரே ஒரு முறைதான் கூட்டிப்போயிருக்கிறேன்.

"அப்பா, அத்தை வீட்ல சுவர் மேல வரைக்கும் போகாதே? கூரைக்கும் சுவருக்கும் நடுவுல வானம் தெரியுமே. பூனை அதுல தானே வந்துச்சு?"

"அது காத்தோட்டத்துக்கு. துணி வெச்சு அடைச்சிக்குவாங்க."

"சுத்திலயுமா?"

உனக்கு இதெல்லாம் தெரியாது என்று சொல்லிவிட்டேன். அந்த வீட்டில் பதினெட்டு வருஷம் படுத்து எழுந்தவன் நான். பத்து நாள் இருந்துவிட்டு வந்தவளுக்கு அந்த இடைவெளி ஞாபகத்தில் இருக்கிறது, எனக்கு இல்லை. இதை நினைத்தால் இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

எண்ணூரில் ஜெராக்ஸ் கடையில் என் தாளைப் பிரதி எடுத்தார்கள். வீட்டுக்கு ஒன்று கொடுத்தார்கள். ஒன்றுக்கு லேமினேஷன் போட்டு அம்மன் கோயில் சுவரில் ஒட்டினார்கள். தேவி ஒவ்வொரு வீடாகப் போய்ப் படித்துச் சொன்னாள். அதைப் படம் எடுத்து அக்கா அனுப்பியபோது அலுவலகத்தில் எல்லோருக்கும் காட்டிப் பீற்றிக்கொண்டேன்.

3

போன வருஷம் இதே மாதம், ஒரு நாள் காலை எட்டு மணி சுமாருக்குப் பாலு வேலை பார்க்கும் கம்பெனியில் வாயு கசிந்தது. நான் இங்கே எழுந்து பல் துலக்கி, போனைப் பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பிறகு அக்கா சொல்லிச் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அக்கா அப்போது கரையில், படகு வருவதற்காக நின்றுகொண்டிருந்தாள். நெடி வந்த உடனே அவளுக்குத் தெரிந்துவிட்டது. மறைந்த அத்தான் காசிமேட்டில் ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்தவர். ஐஸ் உறைய வைக்கும் அமோனியாவின் நெடியை அவர் சட்டையில் வருஷக்கணக்காக முகர்ந்தவள் அவள். குழாய் உடைந்தால் ஈரத்துணியை மூக்கில் வைத்துக்கொண்டு காற்றுக்குக் குறுக்கே ஓட வேண்டும் என்று அவர் சொல்வாராம். காலை நேரம், காற்று இன்னும் கரையிலிருந்து கடலுக்குத்தான் வீசிக்கொண்டிருந்தது. அதாவது மேற்கே கம்பெனியிலிருந்து நேராகக் குப்பத்தின் மேல். கடலைப் பார்த்து ஓடினால் வாயுவும் கூடவே வரும்.

"அல்லாரும் கடலாண்ட ஓடப் பாத்தாளுங்க. நான் கத்தனேன். அங்க போவாதீங்கடி, துணிய நனைச்சி மூஞ்சில வெச்சிக்கினு வடக்கால நட, முகத்துவாரத்தாண்ட நடன்னு. அவ்ளோதான். கரையோரமாவே நடந்து பூட்டோம். தேவி முன்னாடி போற கும்பல்ல கீறான்னு நெனச்சிகினேன்டா."

தேவி அந்தக் கும்பலில் இல்லை. பாலு வேலைக்குப் போயிருந்தான், அவள் வீட்டில் தனியாக இருந்தாள். என் தாளை எடுத்துவைத்துக்கொண்டு ஒன்று, இரண்டு என்று வரிசையாகச் செய்தாள். கதவைச் சாத்தினாள். ஜன்னலுக்குப் பலகையை வைத்தாள். அகப்பட்ட புடவைகளை எல்லாம் நனைத்துச் சுவருக்கு மேலே செருகினாள். பாதிச் சுவருக்குத்தான் புடவை இருந்தது. பிறகு மூலையில் உட்கார்ந்து அறிவிப்புக்காகக் காத்திருந்தாள்.

ஒரு மணி நேரத்துக்கெல்லாம் கடல் காற்று திரும்பிவிட்டது. வெளியே நெடி கலைந்துவிட்டது. முகத்துவாரத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் முகத்தைக் கழுவிக்கொண்டு எழுந்தார்கள். ஆனால் உள்ளே புகுந்த வாயு அவ்வளவு சுலபத்தில் வெளியேறாது. நான்கு பேருக்கு வகுப்பெடுக்கும்போது இதைப் படம் போட்டு விளக்குகிறவன் நான். கதவு இறுக மூடும் வீட்டில் உள்ளே இருப்பவர் பிழைப்பார். மூடாத வீட்டில் வெளியே இருக்கும் அத்தனையும் உள்ளே வரும். வெளியே கலைந்த பிறகும் உள்ளே தங்கும்.

தேவி காத்துக்கொண்டே இருந்தாள். இங்கே என்றால் வானொலி சொல்லும், கைபேசிக்குச் செய்தி வரும். அங்கே யார் சொல்வது? கம்பெனி தன் கேட்டைப் பூட்டிவிட்டு எல்லாம் கட்டுக்குள் இருக்கிறது என்றது. கோயில் மைக்குக்குக் கரண்ட் இல்லை. ஐந்தாவது கட்டளையை எழுதும்போது, அந்த அறிவிப்பைக் கொடுக்கப் போகிறவர் யார் என்று நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. தேவியைக் கும்பல் முழுக்கத் தேடிக் காணாமல் அக்கா வந்து கதவை உதைத்துத் திறந்தபோது மணி பத்தரை.

பதினொரு நாள் ஆஸ்பத்திரி. உயிர் தப்பிவிட்டாள். மூச்சு மட்டும் பழையபடி வரவில்லை. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நாலு வீடு நடந்தால் நின்று மூச்சு வாங்குகிறாள்.

4

விடுப்புக்கு எழுதிப் போட்டு, அது கிடைத்து நான் போய்ச் சேர இரண்டு வாரம் ஆகிவிட்டது. யாருடைய நோய்க்கு விடுப்பு என்று ஒரு படிவம் கேட்டது. அக்காவின் மருமகள் என்ற உறவுக்கு அதில் கட்டமே இல்லை.

குப்பத்துக்குள் நுழையும்போது யாராவது சட்டையைப் பிடித்து உலுக்கினால் தேவலை என்று இருந்தது. அவர்களோ நாற்காலி போட்டார்கள், கலர் வாங்கிவந்து கொடுத்தார்கள். தேவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழப் பார்த்தாள், முடியவில்லை.

"மாமா, நான் எங்கனா தப்பா பண்ட்டனா? அஞ்சி பாய்ண்ட்டும் கரெக்டாதான் பண்ணேன். துணிதான் பத்தல. அதனாலயா?"

நான் அழுதுவிட்டேன். ஐம்பத்து நான்கு வயசு ஆண்பிள்ளை, குளிர் கண்ணாடியும் விமான நிலையப் பையுமாக உட்கார்ந்து அழுததைப் பார்த்து அவள்தான் என்னைத் தேற்றினாள். துணி பத்தாததால் இல்லை, தாள்தான் தப்பு என்று என் வாயால் அன்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "உடம்ப பாத்துக்கம்மா" என்றேன்.

திரும்பி வந்ததிலிருந்து எனக்கு இந்த வீட்டின் ஜன்னல்கள் மேல்தான் கண். இரட்டைக் கண்ணாடி, ஓரமெல்லாம் ரப்பர். சாத்தினால் தெருவில் போகும் லாரிச் சத்தம்கூடக் கேட்காது. நகராட்சியிலிருந்து வருஷா வருஷம் கடிதம் வரும், உங்கள் ஜன்னல் ரப்பர்கள் சரியாக இருக்கின்றனவா என்று. எனக்குப் பக்கத்திலும் ரசாயனத் தொட்டிகள்தான், அக்காவுக்குப் பக்கத்திலும் அவைதான். தொட்டி இரண்டு ஊரிலும் ஒன்றுதான், சுவர் வேறு. "உள்ளே போய்க் கதவைச் சாத்து" என்பது அறிவியல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது வசதியும்கூட. நல்ல கதவு உள்ளவனுக்கு மட்டும் பலிக்கிற அறிவுரையை, கதவே சரியில்லாதவர்களுக்கு விநியோகித்திருக்கிறேன். கதவுக்கும் கூரைக்கும் முறையான கூலி வேண்டும், பட்டா வேண்டும், என்றைக்கு விரட்டுவார்களோ என்ற பயம் இல்லாமல் இருக்க வேண்டும். இத்தனையும் சேர்ந்ததுதான் பேரிடர்த் தயார்நிலை. இதை என் பரீட்சையில் யாரும் கேட்கவில்லை.

5

மூன்று மாதத்துக்கு முன்னால் அக்காவிடமிருந்து போன். குரலே சரியில்லை.

"தேசிங்கு, உன் பேர் போட்டு கீதுடா."

வாயு கசிந்த அதே கம்பெனி இன்னும் இரண்டு தொட்டி கட்டப் போகிறது. அதற்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். அதற்கு முன்னால் தமிழில் ஓர் அறிக்கை கொடுத்திருந்தார்கள். தேவி உட்கார்ந்து முழுசாகப் படித்திருக்கிறாள். அதில் ஒரு பக்கத்தில், அருகில் வசிக்கும் மக்கள் போதிய விழிப்புணர்வு பெற்றிருக்கிறார்கள், தாங்களாகவே பாதுகாப்புத் திட்டம் வகுத்துக்கொண்டிருக்கிறார்கள், எனவே கூடுதல் ஏற்பாடு தேவைப்படாது என்று எழுதியிருக்கிறது. அத்தாட்சியாக ஒரு புகைப்படம். அம்மன் கோயில் சுவரில் என் தாள். கீழே என் பெயரும் பட்டமும் படிக்கிற அளவுக்குத் தெளிவாக இருந்தன.

"அது தப்புன்னு நீ எழுதிக் குடு. நாங்க சொன்னா, வெளிநாட்டுல படிச்சவரு எழுதனது, உனக்கு இன்னா தெரியும்னுவாங்க. நீ எழுதனத நீதான் தப்புன்னு சொல்ணும். இல்லன்னா அந்த ரெண்டு டேங்கும் உன் பேர்லதான்டா வருது."

எழுதுகிறேன் என்றேன். மூன்று வாரம் எழுதவில்லை. முதல் வரைவில் வீடுகளின் மேல் பழியைப் போட்டிருந்தேன். இரண்டாவதில் யாருக்கும் புரியாத தொழில்நுட்ப மொழிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். இதற்கிடையில் அலுவலகத்தில் அனுமதி கேட்டேன். மூன்று துறைகளுக்கு என் மின்னஞ்சல் சுற்றிவிட்டு, தனிநபராக எழுதலாம், பதவியைக் குறிப்பிடக் கூடாது என்று பதில் வந்தது.

கயல்தான் ஒருநாள் கேட்டாள். "அத்தைக்கு லெட்டர் போட்டீங்களா?" இன்னும் இல்லை என்றேன். "எதுக்குப் பயம்? வேலையா, வெக்கமா?" இரண்டும்தான் என்றேன். அவள் எழுந்து மாடிக்குப் போய்விட்டாள். அவள் திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன்.

அன்று உட்கார்ந்து எழுதினேன். அந்தத் தாளை எழுதியவன் நான். அது தவறு. அந்த வீடுகள் மூடக்கூடியவை அல்ல, அங்கே அறிவிப்பு கொடுக்கப் பொறுப்பானவர் யாரும் இல்லை. காற்றைப் பார்த்துக் குறுக்கே நடந்தவர்கள் பிழைத்தார்கள், என் தாளைப் பார்த்து உள்ளே இருந்தவர் பாதிக்கப்பட்டார். மக்கள் தயாராக இருக்கிறார்கள் என்பதற்கு அதை ஆதாரமாகக் காட்டக் கூடாது. எச்சரிக்கைச் சங்கும், காற்றின் திசை காட்டும் கொடிகளும், வடக்கேயும் தெற்கேயும் தடையில்லாத பாதையும் அமைப்பது கம்பெனியின் கடமை, குப்பத்தின் கடமை அல்ல. கீழே கையெழுத்து. பதவியையும் போட்டேன். தப்புச் செய்யும்போது பூட்டிக்கொண்ட பட்டத்தைத் திருத்தும்போது மட்டும் கழற்றி வைப்பது அசிங்கமாக இருந்தது. அலுவலகத்தில் அதற்கு விசாரணை வரும், வரட்டும்.

6

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில். எனக்கு இங்கே காலை ஏழு மணி. கயலும் நானும் சமையலறை மேஜையில் போனைச் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தப் பக்கம் போனைப் பிடித்திருந்தது பாலு. உன் வீட்டு ஆட்கள் மைக்கைப் பிடித்தால் நாளைக்குக் கேட் பாஸ் இருக்காது என்று கான்ட்ராக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். பாலு அன்று வேலைக்கே போகவில்லை.

அக்காவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அதனால் பேர் கூப்பிட்டதும் தேவி எழுந்து போனாள். ஆளுக்கு மூன்று நிமிடம் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். மேடையில் அதிகாரிகள், மேஜை மேல் ஒரு மணி, தண்ணீர் பாட்டில்கள். தேவி என் கடிதத்தைப் பிரித்தாள்.

நான் எழுதிய வாக்கியங்கள் நீளமானவை. அலுவலகத்தில் எழுதி எழுதி வந்த பழக்கம். முதல் வாக்கியத்தின் பாதியிலேயே அவள் நிறுத்தினாள். மூச்சை இழுக்கும் சத்தம் மைக்கில் வந்தது. மறுபடி படித்தாள், மறுபடி நிறுத்தினாள்.  கயல் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். இந்தப் பெண் படிக்கும்படி இவ்வளவு நீளமாக எழுதினோமே என்று எனக்குத் தாங்கவில்லை.

"அந்தத் தாளில் உள்ளவற்றைச் சரியாகப் பின்பற்றிய காரணத்தால் பாதிக்கப்பட்டவரின் பெயர் தேவி" என்று, யாரோ ஒருத்தியின் பெயரைப் படிப்பது போலப் படித்தாள். படித்துவிட்டு மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மணி அடித்தது.

"நேரம் முடிஞ்சிடுச்சும்மா. மிச்சத்த எழுத்துல குடுத்துடுங்க" என்றார் அதிகாரி. கோபமாகச் சொல்லவில்லை, வழக்கமாகச் சொல்வதைத்தான் சொன்னார்.

தேவி இறங்கவில்லை. கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். பிறகு மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள்.

"இன்னும் அரப் பக்கம் கீது சார், படிச்சிட்டுத்தான் போவேன். நான் மூச்சு வாங்க நின்ன நேரத்த என் நேரத்துல சேக்காதீங்க. அது கம்பெனி நேரம்."